ஒரு படுக்கை, இரண்டு கவுன்டர்: பூட்டின் வேகத்தை அளந்த வரலாறு

1980களின் நடுப்பகுதி வரை தில்லியில் ரயில் முன்பதிவு செய்ய வந்தவர் முதலில் தம் வண்டிக்குரிய கவுன்டரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு கவுன்டருக்கும் சில வண்டிகளே ஒதுக்கப்பட்டிருந்தன. அவ்வண்டிகளின் பதிவேடு அந்தக் கவுன்டரில் இருந்தது. எழுத்தர் அதில் பெயரை எழுதினால் படுக்கை உறுதியாயிற்று. ஓரிடத்தில் நீண்ட வரிசையும் பக்கத்துக் கவுன்டரில் ஆளில்லா நிலையும் ஒருசேர நிகழக்கூடிய ஏற்பாடு இது. ஆயினும் இதில் ஒரு பெரும் பாதுகாப்பு இருந்தது. பதிவேடு ஒன்று, அதில் எழுதும் கையும் ஒன்று. ஒரே படுக்கை இருவருக்கு விற்கப்படாமல் காத்தது அந்த ஒருமையே.

கணினி வந்தபோது இந்த ஒருமை உடைந்தது. எந்தக் கவுன்டரிலும் எந்த வண்டிக்கும் சீட்டுத் தரலாம் என்றானதும், ஒரு பதிவேட்டை ஒரே நேரத்தில் பல கைகள் எட்டத் தொடங்கின. நான்காம் கவுன்டரும் பதினேழாம் கவுன்டரும் ஒரே கணத்தில் ஒரே வண்டியைப் பார்க்கின்றன என்று கொள்வோம். இரண்டுக்கும் மீதம் ஒரு படுக்கை என்று தெரிகிறது. இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துச் சுழியம் என்று எழுதுகின்றன. கணக்கு சரியாகவே இருக்கும். படுக்கைக்கு மட்டும் இருவர் உரிமை கொண்டாடுவர். இதைத் தடுக்க, படித்தல், கழித்தல், எழுதுதல் ஆகிய மூன்று செயல்களும் முடியும்வரை மற்றொருவர் உள்ளே நுழையாதபடி ஒரு பூட்டு வேண்டும். கணினியியலில் இதன் பெயர் மியூடெக்ஸ். பரஸ்பர விலக்கு என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது.

பூட்டு சரியாக வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று விடை கூறிவிடலாம். பூட்டு எவ்வளவு வேகமானது என்ற கேள்விக்கு அப்படி ஒரு விடை கிடைப்பதில்லை. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக இக்கேள்விக்கு அளிக்கப்பட்ட விடைகள் ஒவ்வொன்றும் வேறொன்றை அளந்தவை. எதை அளப்பது என்று தீர்மானிக்கும்போதே, காத்திருப்பின் சுமை யார் மேல் விழலாம் என்பதும் பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. அந்த வரலாற்றின் ஒரு கிளை தில்லி வழியாகச் செல்கிறது.

ஒற்றைத் தண்டவாளம்

கணினிக்கு முன்பே இச்சிக்கலை எதிர்கொண்டது ரயில்வே. இரு நிலையங்களுக்கிடையே ஒற்றைத் தண்டவாளம் இருந்தால், ஒரு நேரத்தில் ஒரு வண்டியே அதில் செல்லலாம். 1874 செப்டம்பரில் இங்கிலாந்தின் நார்விச் நகருக்கு அருகே தார்ப் என்னுமிடத்தில் இரு வண்டிகள் நேருக்கு நேர் மோதின. அதன்பின் எட்வர்ட் டையர் என்பவர் 1878இல் மின்வழி வில்லைக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இரு நிலையங்களிலும் உள்ள கருவிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். ஒன்றிலிருந்து ஒரு வில்லையை வெளியே எடுத்துவிட்டால், அது மீண்டும் ஏதேனும் ஒரு கருவிக்குள் செல்லும்வரை மற்றொரு வில்லை எங்கும் வெளிவராது. வில்லை கையில் இருக்கும் ஓட்டுநருக்கு மட்டுமே தண்டவாளம் உரியது.

இந்திய ரயில்வேயில் பரவலாகப் பயன்பட்ட நீல் பந்து டோக்கன் கருவியும் இதே கொள்கையில் அமைந்தது. வில்லைக்குப் பதிலாக உலோகப் பந்து. அப்பந்தைத் தோல் பையில் இட்டு, ஒரு பெரிய வளையத்தில் மாட்டி, நிற்காத வண்டியின் ஓட்டுநருக்கு நிலைய ஊழியர் நீட்டுவார். ஓட்டுநர் அல்லது அவருடைய உதவியாளர் கையை வளையத்துக்குள் நுழைத்து அதைப் பற்றிக்கொள்வார். முந்தைய பகுதியின் பந்து அதே நிலையத்தில் கீழே விடப்படும்.

பின்னாளில் கணினிப் பூட்டுகளுக்கு எழுந்த இரண்டு கேள்விகள் இங்கேயே தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. முதலாவது, எதிரே வேறு வண்டி இல்லாதபோதும் பூட்டைப் பெறுவதற்கு ஆகும் செலவு. எதிர்த்திசையில் நூறு கிலோமீட்டருக்கு ஒரு வண்டியும் இல்லையெனினும், பந்தைக் கைமாற்ற ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். இரண்டாவது, எதிரே வண்டி இருக்கும்போது யார் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது. முதற்செலவைக் குறைக்கவே பின்னர் டோக்கன் இல்லாத பிளாக் கருவிகள் வந்தன. சைகையே அனுமதியாகி, பந்தைக் கைமாற்றும் தேவை நீங்கியது. இரண்டாம் கேள்வியைக் கருவி தீர்க்கவில்லை. எந்த வண்டியை முதலில் விடுவது என்பதைக் கட்டுப்பாட்டு அலுவலரே முடிவு செய்தார். சரக்கு வண்டி ஒதுங்கி நிற்க விரைவு வண்டி கடந்து செல்வது, பூட்டுக்கு வெளியே எடுக்கப்பட்ட ஒரு முடிவு.

கைகாட்டி என்னும் சொல்

கணினியியல் தன் முதற்பூட்டுக்குப் பெயரை ரயில்வேயிடமிருந்தே எடுத்துக்கொண்டது. 1960களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் பணியாற்றிய எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, ஒரே இயந்திரத்தில் இயங்கும் பல செயல்களை ஒழுங்குபடுத்தும் மாறி ஒன்றை வடிவமைத்து, அதற்கு டச்சு மொழியில் ரயில் கைகாட்டியைக் குறிக்கும் சொல்லைச் சூட்டினார். ஆங்கிலத்தில் அது செமாஃபோர் ஆயிற்று. தமிழில் கணினி நூல்கள் செமாஃபோர் என்றே ஒலிபெயர்த்து எழுதுகின்றன. ஆனால் ரயில் நிலையத்தின் ஓரத்தில் கை உயர்த்தியும் தாழ்த்தியும் நின்ற அந்தக் கம்பத்துக்குக் கைகாட்டி என்ற பெயர் தமிழ் வழக்கில் முன்பே இருந்தது. மொழிபெயர்ப்பு ஆங்கிலத்தோடு நின்றுவிட்டதால் சொல்லின் மூல உருவகம் மறைந்துவிட்டது.

செமாஃபோர் மேல் நிகழ்த்தும் இரு செயல்களுக்கு டைக்ஸ்ட்ரா இட்ட பெயர்கள் பி, வி என்னும் ஒற்றை எழுத்துகள். வி என்பது உயர்த்து என்று பொருள்படும் டச்சு வினையின் முதலெழுத்து. தாழ்த்து என்பதற்குரிய சொல்லும் வி-யிலேயே தொடங்குவதால், தாழ்த்த முயல் என்னும் தொடரைக் குறுக்கி 'புரோலாக்' என்று டச்சு மொழியில் இல்லாத ஒரு சொல்லை அவர் உருவாக்கினார். அந்தச் செயற்கைச் சொல்லுக்குள் 'முயல்' என்னும் பொருள் பொதிந்திருப்பது கவனிக்கத்தக்கது. பூட்டைக் கேட்பது ஒரு முயற்சி. வெற்றி உடனே கிட்டலாம், கிட்டாமலும் போகலாம்.

1965இல் டைக்ஸ்ட்ரா எழுதிய ஒரு பக்கக் கட்டுரை, எத்தனை செயல்கள் போட்டியிட்டாலும் ஒன்று மட்டுமே உள்ளே நுழைவதை உறுதிசெய்யும் வழியைக் காட்டியது. டி.ஜே. டெக்கர் என்ற டச்சுக் கணிதவியலாளர் இரு செயல்களுக்குக் கண்ட தீர்வின் விரிவாக்கம் அது. அடுத்த ஆண்டே டொனால்ட் கனூத் அதில் ஒரு குறையைச் சுட்டினார். யாரோ ஒருவர் எப்போதும் உள்ளே செல்வார் என்பதற்கு அத்தீர்வில் உறுதி உண்டு. குறிப்பிட்ட ஒருவர் என்றேனும் உள்ளே செல்வார் என்பதற்கு உறுதி இல்லை. துரதிர்ஷ்டசாலியான ஒரு செயல் முடிவின்றிக் காத்திருக்கலாம். கூட்டத்தின் முன்னேற்றமும் தனியரின் முன்னேற்றமும் வேறு வேறு என்ற உணர்வு இத்துறையில் இவ்வாறு பதிவாயிற்று. 1974இல் லெஸ்லி லாம்போர்ட் ரொட்டிக்கடையில் எண் சீட்டு வழங்கும் முறையை மாதிரியாகக் கொண்டு வேறொரு தீர்வை முன்வைத்தார். வருபவர் எண் எடுத்துக்கொள்வார். சிறிய எண்ணுக்கு முதலிடம். நம் ஊர் மருத்துவமனைகளில் டோக்கன் வாங்கி அமர்ந்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தில்லிக்கு வந்த வாக்ஸ்

1985இல் புதுதில்லியில் கணினிவழி முன்பதிவு சோதனை முயற்சியாகத் தொடங்கியது. இம்ப்ரெஸ் எனப்பட்ட அந்த அமைப்பை உருவாக்கியது பொதுத்துறை நிறுவனமான சி.எம்.சி. ஐ.பி.எம். நிறுவனம் 1978இல் இந்தியாவை விட்டு வெளியேறியபின் அதன் இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்ற அதே சி.எம்.சி. எந்தக் கவுன்டரிலும் எந்த வண்டிக்கும் சீட்டு, பயணியர் பட்டியலைக் கணினியே அச்சிடுதல், வசூலுக்குக் கணக்கு ஆகியவை அதன் நோக்கங்கள். 1986இல் இந்திய ரயில்வேயின் தகவல் அமைப்புகளுக்கென கிரிஸ் என்னும் மையம் தில்லியில் நிறுவப்பட்டது. சாணக்கியபுரியிலிருந்து அது இன்றும் இயங்குகிறது.

இம்ப்ரெஸ் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் வாக்ஸ் கணினிகளில், வி.எம்.எஸ். என்னும் இயங்குதளத்தின்மேல் இயங்கியது. பூட்டுகளின் வரலாற்றில் வி.எம்.எஸ்.ஸுக்குத் தனியிடம் உண்டு. 1980களின் முற்பகுதியில் பல வாக்ஸ் கணினிகளைக் கொத்தாக இணைக்கும் வசதி வந்தபோது, அக்கணினிகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு பூட்டு மேலாளரை அந்நிறுவனம் இயங்குதளத்திலேயே அமைத்தது. அதில் பூட்டப்பட்டது, பூட்டப்படாதது என்று இரு நிலைகள் மட்டும் இருக்கவில்லை. ஆறு நிலைகள் இருந்தன. ஆர்வத்தை மட்டும் பதிவு செய்யும் வெற்று நிலை ஒரு முனை. பிறர் எழுதும்போதும் படிக்கலாம் என்பது ஒன்று. படிக்கும்வரை பிறர் எழுதக் கூடாது என்பது மற்றொன்று. எழுதுவதற்கும் இவ்வாறே இரண்டு. முழு விலக்கு மறு முனை. பின்னாளில் லினக்ஸுக்கு எழுதப்பட்ட பரவல் பூட்டு மேலாளர் இந்த ஆறு நிலைகளையே பின்பற்றியது.

இந்த நுணுக்கத்துக்குக் காரணம் உண்டு. இடம் இருக்கிறதா என்று கேட்பவர் பலர். இடத்தை எடுப்பவர் சிலர். கேட்பவர்களும் முழுப் பூட்டைப் பெற வேண்டுமெனில், யாரும் யாருக்கும் எதையும் மறைக்காத நேரத்திலும் வரிசை நீளும். படிப்பவர்களை ஒன்றாக உள்ளே விட்டு, எழுதுபவரை மட்டும் தனியே விடும் ஏற்பாடு இத்தகைய பணிக்கு இயல்பாகப் பொருந்துவது.

தரவுத்தளப் பூட்டுகளின் ஒரு விந்தையான நடத்தை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பதிவாகியிருந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் சிஸ்டம் ஆர் என்னும் தரவுத்தளத்தை உருவாக்கிய ஜிம் கிரே உள்ளிட்ட நால்வர் 1979இல் அதை விவரித்தனர். பூட்டை வைத்திருக்கும் ஒரு செயலை இயங்குதளம் எதிர்பாராமல் இடைநிறுத்தினால், பின்னால் வரிசை சேர்கிறது. அச்செயல் மீண்டும் எழுந்து பூட்டை விடும்போது, முறைப்படி வரிசையில் முதலில் நிற்பவருக்கு அது அளிக்கப்படுகிறது. ஆனால் அவர் உறங்கிக்கொண்டிருக்கிறார்; அவரை எழுப்பும்வரை பூட்டு வீணே காத்திருக்கிறது. அதற்குள் பூட்டை விட்டவரே மீண்டும் அதைக் கேட்டு வரிசையின் கடைசியில் சேர்ந்து உறங்குகிறார். வரிசை கலைவதே இல்லை. ஒரு மாட்டுவண்டியின் பின்னே ஊர்ந்து செல்லும் வாகனங்கள், அவ்வண்டி விலகிய பின்னும் அதே வேகத்தில் ஊர்வதைப் போன்றது இது. அவர்கள் பரிந்துரைத்த தீர்வு, வரிசை முறையைக் கைவிடுவது. பூட்டை விடுபவர் காத்திருப்போர் அனைவரையும் எழுப்பிவிட வேண்டும், கிடைத்தவர் எடுத்துக்கொள்ளட்டும். கனூத் கேட்ட நியாயத்தை வேகத்துக்காக அறிந்தே விட்டுக்கொடுத்த நிலைப்பாடு இது.

இம்ப்ரெஸ் ஒரே அமைப்பாக நாடெங்கும் பரவவில்லை. தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் தனித்தனியே இயங்கின. இவற்றை இணைக்க கிரிஸ் உருவாக்கிய கான்சர்ட் அமைப்பு 1994இல் செகந்திராபாத்தில் தொடங்கி, 1999இல் ஐந்து மையங்களையும் ஒரே வலையமைப்பாக்கியது. ஒவ்வொரு வண்டியின் கணக்கும் அதற்குரிய மையத்திலேயே இருந்தது. தில்லி மையத்துக்குரிய வண்டிக்குச் சென்னைக் கவுன்டரில் சீட்டுக் கேட்டால், கோரிக்கை தில்லிக்குச் சென்று, அங்கே படுக்கை ஒதுக்கப்பட்டு, விடை சென்னைக்குத் திரும்பியது. பதிவேடு ஒன்று, இடம் ஒன்று என்ற பழைய கொள்கை புதிய உருவில் தொடர்ந்தது. கவுன்டர்கள் நாடெங்கும் பரவிய பின்னும், ஒரு படுக்கையின் பூட்டு ஓர் ஊரில்தான் இருந்தது.

எதை அளப்பது

கான்சர்ட் வளர்ந்த அதே ஆண்டுகளில் பூட்டுகளின் வேகத்தை அளப்பது தனித்துறையாகவே உருவெடுத்தது. ஓர் இயந்திரத்தில் பல செயலிகள் வந்ததும், பூட்டுக்காகச் சுழன்று காத்திருக்கும் செயலிகள் நினைவகப் பாதையை நெரிசலாக்கி, பூட்டை வைத்திருப்பவரையும் மெதுவாக்கின. 1990இல் தாமஸ் ஆண்டர்சன் பல்வேறு சுழற்பூட்டுகளை ஒப்பிட்டு அளந்து இதைக் காட்டினார். 1991இல் ஜான் மெல்லர்-கிரம்மியும் மைக்கேல் ஸ்காட்டும் வரிசைப்பூட்டு ஒன்றை முன்வைத்தனர். அதில் காத்திருக்கும் ஒவ்வொரு செயலியும் பொதுவான ஓரிடத்தை நோக்காமல் தனக்கென உள்ள நினைவிடத்தையே நோக்கிக் காத்திருக்கும். நியாயமும் வேகமும் ஒன்றையொன்று கட்டாயம் வெட்ட வேண்டியதில்லை என்பதற்கு அது ஒரு சான்று.

உறங்கிக் காத்திருக்கும் பூட்டுகளில் திருப்பம் 2002இல் வந்தது. லினக்ஸுக்கு முன்மொழியப்பட்ட ஃபியூடெக்ஸ் முறையில், போட்டியில்லாத நேரத்தில் கெர்னலை அழைக்கவே வேண்டியதில்லை. நினைவகத்தில் உள்ள ஓர் எண்ணைப் பிரிக்க முடியாத ஒரே கட்டளையால் மாற்றினால் பூட்டு கிடைத்துவிடும். அதற்கு ஆகும் நேரம் சில பத்து நானோ வினாடிகள் மட்டுமே. போட்டி இருந்தால்தான் கெர்னலிடம் சென்று உறங்க வேண்டும். உறங்கி எழுவதற்கு மைக்ரோ வினாடிக் கணக்கில் ஆகும். பந்து டோக்கனிலிருந்து டோக்கன் இல்லாக் கருவிக்குச் சென்ற பயணத்தைப் போன்றது இது. எதிரே யாரும் இல்லாதபோது வேகத்தைக் குறைக்கும் தேவை நீங்கியது.

இயங்குதளங்களைப் பூட்டுகளால் ஒப்பிடும் சோதனைகள் பெருகியது இதன் பின்னரே. அவற்றில் முதலாவதாக எழும் சிக்கல் மொழியியல் மாணவர்களுக்குப் பழக்கமானது. ஒலி ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இரு மொழிகளில் வழங்கும் சொற்கள் மொழிபெயர்ப்பாளரை ஏமாற்றுவது உண்டு. தமிழில் 'அவசரம்' விரைவைக் குறிக்கும். இந்தியில் 'அவ்சர்' வாய்ப்பைக் குறிக்கும். மியூடெக்ஸ் என்னும் சொல்லும் அவ்வகையைச் சேர்ந்தது. விண்டோஸில் மியூடெக்ஸ் என்ற பெயருடையது, வெவ்வேறு நிரல்களுக்கிடையே பகிரக்கூடிய கெர்னல் பொருள். ஒவ்வொரு முறையும் அது கெர்னலைத் தொட்டாக வேண்டும். லினக்ஸில் அப்பெயருக்குரியது பெரும்பாலும் ஃபியூடெக்ஸின்மேல் அமைந்த இலகுவான பூட்டு. விண்டோஸில் அதற்கு நிகரானவற்றின் பெயர்கள் வேறு. பெயரை மட்டும் நம்பி இரண்டையும் ஓட்டி அளந்தால் விண்டோஸ் பன்மடங்கு மெதுவாகத் தோன்றும். அளவு பிழையற்றது, ஒப்பீடுதான் பிழை.

இரண்டாம் சிக்கல் இன்னும் நுட்பமானது. வழக்கமான சோதனையில் பல இழைகள் ஒரு சுழற்சிக்குள் பூட்டை எடுத்து, ஓர் எண்ணைக் கூட்டி, விட்டு, மீண்டும் எடுக்கின்றன. வினாடிக்கு எத்தனை முறை என்பதே மதிப்பெண். பூட்டைச் சற்று முன் விட்ட இழையின் செயலியிலேயே அப்பூட்டின் நினைவகப் பிரதி இருக்கும். எனவே அதே இழை மீண்டும் எடுப்பதுதான் மிக மலிவு. வரிசையை மதிக்காமல், விட்டவரே திரும்பத் திரும்ப எடுக்க அனுமதிக்கும் பூட்டு இச்சோதனையில் முதலிடம் பெறும். வரிசையை மதிக்கும் பூட்டு ஒவ்வொரு முறையும் வேறொரு செயலிக்குக் கைமாறி, உறங்குபவரை எழுப்பி, மிகப் பின்தங்கும். மேக் கணினிகளின் இயங்குதளத்தில் பொதுப்பயன்பாட்டு மியூடெக்ஸ் நெடுங்காலம் வரிசையை மதித்தது; போட்டிச் சோதனைகளில் லினக்ஸைவிட மிக மெதுவானதாக அது பெயர் வாங்கியதன் முக்கியக் காரணம் அதுவே. பின்னர் அங்கும் இயல்பு நிலை மாற்றப்பட்டது. மதிப்பெண் உயர்ந்தது, மதிப்பெண்ணுக்கு வெளியே இருந்த ஓர் உறுதிமொழி நீங்கியது.

எதிர்த்திசையில் நடந்ததும் உண்டு. 2008இல் லினக்ஸ் கெர்னலின் சுழற்பூட்டுகள் எண் சீட்டு முறைக்கு மாற்றப்பட்டன. அதை எழுதிய நிக் பிக்கின் காட்டிய காரணம் சராசரி வேகம் அன்று. எட்டு உள்ளகங்கள் கொண்ட ஓர் இயந்திரத்தில், சில இழைகளைப் பட்டினி போட்டுவிட்டு வேறு சில இழைகளுக்குப் பூட்டு பத்து லட்சம் முறை வரை அநியாயமாகக் கிடைத்தது. சராசரியைப் பார்த்தால் இது தெரியாது. எண் சீட்டு நியாயத்தைத் தந்தது. ஆனால் செயலிகள் பெருகியதும் அப்பூட்டின் செயல்திறன் படிப்படியாகக் குறையாமல் திடீரெனச் சரிவதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2012இல் காட்டினர். 2015இல் மெல்லர்-கிரம்மி, ஸ்காட் இருவரின் வரிசைப்பூட்டை அடிப்படையாகக் கொண்ட அமைப்பு கெர்னலுக்குள் வந்தது. 1991இல் விடை கிடைத்த கேள்வி நடைமுறைக்கு வர கால் நூற்றாண்டு ஆயிற்று.

சராசரியும் வரிசையும் அல்லாத மூன்றாம் அளவுகோல் ஒன்றும் உண்டு. மிக மோசமான நிலையில் ஒருவர் எவ்வளவு நேரம் காத்திருப்பார்? சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற ரகுநாதன் ராஜ்குமார், லூயி ஷா, ஜான் லெஹாக்ஸ்கி ஆகியோருடன் 1990இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு விடை கண்டது. அவசரப் பணி ஒன்று, அவசரமற்ற பணி பிடித்திருக்கும் பூட்டுக்காகக் காத்திருக்கையில், நடுத்தரப் பணிகள் இடையே புகுந்து காலத்தைத் தின்றுவிடலாம். அதைத் தடுக்க, பூட்டை வைத்திருக்கும் எளிய பணிக்குத் தற்காலிகமாக அவசரப் பணியின் முன்னுரிமையை அளிக்க வேண்டும். 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் மீண்டும் மீண்டும் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொண்டது இக்குறையால்தான். பூமியிலிருந்து அனுப்பிய திருத்தம் அந்த முன்னுரிமை வழங்கும் வசதியை இயக்கி அதைச் சரிசெய்தது. வினாடிக்கு எத்தனை முறை என்ற அளவுகோலில் அத்திருத்தம் ஒரு முன்னேற்றமாகத் தோன்றியிருக்காது.

நிமிடத்துக்கு எத்தனை சீட்டு

இனித் தில்லிக்குத் திரும்பலாம். 2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. இணையவழிச் சீட்டு விற்பனையைத் தொடங்கியது. கவுன்டர் என்பது இப்போது ஒவ்வொரு வீட்டுக் கணினியும், பின்னர் ஒவ்வொரு கைப்பேசியும் ஆயிற்று. அமைப்பின் திறனை அறிவிக்கும் அளவுகோலாக நிமிடத்துக்கு எத்தனை சீட்டு என்பது நிலைபெற்றது. 2014 ஏப்ரலில் புதிய அமைப்பு தொடங்கப்பட்டபோது, அதுவரை நிமிடத்துக்கு 2,000 ஆக இருந்த திறன் 7,200 ஆக உயர்ந்தது என்று அறிவிக்கப்பட்டது. 2023 தொடக்கத்தில் ரயில்வே அமைச்சர் அப்போதைய திறனை 25,000 என்றும், இலக்கை 2.25 லட்சம் என்றும் கூறினார்.

இவ்வளர்ச்சி மெய்யானது, பயணியருக்கு நன்மை பயப்பது. ஆனால் பூட்டுகளின் வரலாற்றை அறிந்தவருக்கு இந்த அளவுகோல் எவ்வகையைச் சேர்ந்தது என்பது தெரியும். வினாடிக்கு எத்தனை முறை பூட்டு கைமாறியது என்னும் எண்ணின் உடன்பிறப்பு இது. கைமாறியது யாருக்கிடையே என்பதை அது கூறாது.

தட்கல் சீட்டுகளில் இவ்வேறுபாடு கூர்மையடைகிறது. 1997இல் அறிமுகமான தட்கல் ஒதுக்கீட்டில், 2015 முதல் குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும் மற்றவற்றுக்கு 11 மணிக்கும் விற்பனை தொடங்குகிறது. ஒரு வண்டிக்குச் சில நூறு இடங்கள். கோருவோர் அதைப்போல் பன்மடங்கு. அனைவரும் ஒரே கணத்தில். பூட்டுச் சோதனைகள் செயற்கையாக உருவாக்கும் உச்சப் போட்டி நாள்தோறும் இயல்பாக நிகழும் இடம் இது. இங்கே அமைப்பு எவ்வளவு விரைவோ, அவ்வளவு விரைவில் இடங்கள் தீர்ந்துவிடும். திறன் இரட்டிப்பானால் படுக்கைகள் இரட்டிப்பாவதில்லை. போட்டி முடியும் நேரம்தான் பாதியாகிறது. அப்பாதி நேரத்தில் வெல்வது யாரென்பது, கோரிக்கையை அனுப்பும் வேகத்தைப் பொறுத்தது. தானியங்கி நிரலுக்கும் விரல்களால் தட்டச்சிடும் மனிதருக்கும் இடையே உள்ள தூரம், பூட்டை விட்ட செயலிக்கும் உறங்கிக்கொண்டிருந்த செயலிக்கும் இடையே உள்ள தூரத்தை ஒத்தது.

இன்னொரு விளைவும் உண்டு. ரயில்வேயின் காத்திருப்போர் பட்டியல் ஏறத்தாழத் தூய எண் சீட்டு முறை. ஒரு பட்டியலுக்குள் முன்னே இருப்பவருக்கே முன்னுரிமை. இடம் காலியாகக் காலியாக எண் குறைந்துகொண்டே வரும். லாம்போர்ட் இதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருக்கக் கூடும். ஆனால் பட்டியலுக்குள் நுழையும் வரிசை, தொடக்கக் கணங்களில் பூட்டைப் பிடித்த வரிசையேயாகும். அக்கணங்களில் ஏற்றத்தாழ்வு இருந்தால், அதன்பின் வரும் கண்டிப்பான வரிசை அதைத் திருத்துவதில்லை. எண்ணாக உறையவைத்துக் காக்கிறது. இறுதிவரை நியாயமாக நடைபெறும் ஒரு வரிசை நியாயமற்ற தொடக்கத்தைக் கொண்டிருக்க இயலும்.

2025 ஜூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த விதிகளை இப்பின்னணியில் படிக்கலாம். இணையத்தில் தட்கல் சீட்டு எடுக்க ஆதார் சரிபார்ப்பு கட்டாயமாயிற்று. விற்பனை தொடங்கும் முதல் அரை மணி நேரம் முகவர்கள் தட்கல் சீட்டு எடுக்க இயலாது என்றும் ஆணையிடப்பட்டது. இவற்றுள் எதுவும் நிமிடத்துக்குரிய எண்ணை உயர்த்துவதில்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் கூடுதல் சரிபார்ப்பு என்பதால் செலவைக் கூட்டவே செய்யும். எண் சீட்டுப் பூட்டுக்காக லினக்ஸ் கெர்னல் 2008இல் ஏற்ற செலவும் இத்தன்மையதே. ஒற்றைத் தண்டவாளத்தில் எந்த வண்டி முதலில் என்பதைக் கருவி தீர்மானிக்க இயலாமல் கட்டுப்பாட்டு அலுவலர் தீர்மானித்ததைப் போல, யார் போட்டியில் கலந்துகொள்ளலாம் என்பது இங்கும் பூட்டுக்கு வெளியே தீர்மானிக்கப்பட்டது. சரிபார்ப்பைக் கடக்க இயலாதவர்கள் யார், அவர்களின் இழப்பை எந்த எண் காட்டும் என்ற கேள்விகள் அவ்விதியோடு சேர்ந்தே பிறக்கின்றன.

பொதுப் பயன்பாட்டு அமைப்பு ஒன்றின் திறனை அறிவிக்கும்போது, மொத்த எண்ணிக்கையுடன் இன்னும் சிலவற்றையும் வெளியிடுவது கடினமன்று. கோரிக்கை வைத்தவர்களில் நடுநிலையில் உள்ளவர் காத்திருந்த நேரம், நூற்றில் கடைசி ஒருவர் காத்திருந்த நேரம், முதல் நிமிடத்தில் கோரியவர்களில் வெறுங்கையுடன் திரும்பியோரின் விகிதம் ஆகியன அவற்றுள் அடங்கும். இயங்குதளங்களை ஒப்பிடும் ஆய்வுக் கட்டுரைகளில் இத்தகைய பரவல் அட்டவணைகள் இன்று இயல்பானவை. அவை இல்லாத கட்டுரையை மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்புவார். சாணக்கியபுரியில் உள்ள இயந்திரங்கள் இவ்வெண்களைக் கணக்கிடத் தேவையான நேரப்பதிவுகள் இல்லாமல் இத்தனை பரிவர்த்தனைகளை நடத்த முடியாது. பழைய கவுன்டரின் முன் நின்றவர், தமக்கு முன்னே எத்தனை பேர் என்பதைத் தலையைத் திருப்பி எண்ணிக்கொள்ள முடிந்தது. திரையின் முன் அமர்ந்திருப்பவருக்கு அந்த எண்ணைத் திரும்ப அளிப்பது பூட்டை மெதுவாக்கிவிடாது.